மயில் கேட்டதா போர்வை?

கடையெழு வள்ளல்களுள் பேகனுக்கு நம் வகுப்பறைகளில் தனியிடம் உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்தவன். மயிலுக்கு அது வேண்டுமா என்று அவன் கேட்கவில்லை. இதனைக் கொடைமடம் என்பர். மடம் என்ற சொல் உள்ளேயே இருந்தும் நாம் அதைப் புகழாகவே பயிற்றுவித்து வருகிறோம். அவன் ஆண்ட பொதினிதான் இன்றைய பழனி. அந்த மலைத்தொடரின் மேற்பரப்பில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இன்னொரு கொடைமடம் நடந்தேறியிருக்கிறது. இம்முறை போர்வை மரத்தால் ஆனது. போர்த்தப்பட்டது புல்வெளி.

2013இல் சுமார் 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம். எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று கேட்டவர் சிலரே.

மேல்மலையின் இயல்பு இது: நீர் வழியும் மடிப்புகளில் சோலை, காற்றும் உறைபனியும் அறையும் சரிவுகளில் புல். காட்டை அழித்ததால் புல் வந்தது என்று இன்றும் மேடைகளில் முழங்குகிறார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தோர் இத்தகைய புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்று காட்டிப் பல காலமாயிற்று. வரையாடு மேய்வது இப்புல்லில். நெட்டைக்காலி கூடு கட்டுவது இப்புல்லில். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி, வெயில் விழும் இச்சரிவுகளின் செடி. மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவதும் சோலையும் புல்லும் சேர்ந்து செய்யும் வேலை. பேரிஜம் ஏரியின் நீரைக் குடிக்கும் பெரியகுளத்தார்க்கு நாம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் புல்லை 'வெற்றிடம்' என்று கருதி, தோல் பதனிடும் பட்டைக்கென ஆஸ்திரேலியாவின் வாட்டிலையும் (சீகை என்றும் வழங்குவர்), விறகுக்கும் கூழுக்கும் யூகலிப்டஸையும், கூடவே பைனையும் நட்டார்கள். தொடங்கியது வெள்ளையர் காலத்தில். பெருமளவில் செய்து முடித்தது நாம். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்றது. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இவ்வழிவைப் பற்றித் தமிழில் ஓர் இரங்கற்பா உண்டா?

இல்லை. ஏனெனில் புல் நமக்குப் பொருட்டன்று. புன்மை, புல்லர், புல்லறிவு என்று இழிவுக்கெல்லாம் அதன் வேரையே எடுத்துக்கொண்ட மொழி நம்முடையது. சோலை என்ற நம் சொல் உலகத் தாவரவியல் நூல்களில் ஏறிவிட்டது. அதன் உடன்பிறப்பான புல்வெளிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்க்குக் குறிஞ்சிச் செடியைக் காட்டினால் தெரியாது. (ஆசிரியர்க்கும் தெரியாது. நாம் அதை முதலில் கண்டது முப்பத்தைந்து வயதில்.) பைன் காட்டில் நின்று படமெடுத்துக்கொண்டு, அதன் கீழே குறிஞ்சித் திணை பற்றி உருகும் கவிஞர்களை என்னென்பது? அந்த நிழலில் புல்லும் வாழாது, குறிஞ்சியும் வாழாது. சங்கப் புலவன் அங்கு வந்தால் எந்தத் திணையென்று அறியாமல் திகைப்பான்.

பிறரைச் சாடுமுன் நம் பங்கையும் சொல்லிவிடுவோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவரை அழைத்துக்கொண்டு மேல்மலைச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றோம். ஊருக்கு மேலிருந்த புல்மேட்டில் முந்நூறு கன்றுகள் நட்டோம். "இது மாடு மேயுற எடமாச்சே சார்" என்றார் ஒரு முதியவர். பசுமையின் பெருமை குறித்து அவருக்கு அரைமணி நேரம் உரையாற்றினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கொடைமடம் என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் அன்று அந்தச் சொல் நினைவுக்கு வரவில்லை.

சரணாலயம் என்ற பெயர் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்பார் உளர். வேட்டையைத் தடுக்கும் வேலி வாட்டிலைத் தடுக்காது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டால் கூட்டமாக விழிக்கும். எஞ்சிய புல்லுக்குள் அது ஆண்டுதோறும் புகுந்துகொண்டிருக்க, நாம் அதையும் சேர்த்தே காவல் காக்கிறோம். சட்டம் கைகளைக் கட்டிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, உயிரினங்களின் நலனுக்குத் தேவையென்றால் உரிய அனுமதியோடு அகற்ற இடம் தருகிறது. அகற்றியதை வணிகத்துக்கன்றிச் சுற்றியுள்ள மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. மேல்மலை அடுப்புகளுக்கு விறகும் ஆயிற்று, புல்லுக்கு வெயிலும் ஆயிற்று. அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையும் வெளியிட்டது. 2024 மே முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறோம். வண்டியை எண்ணத் தெரிந்துவிட்டது.

"மரம் வெட்டச் சொல்லும் தமிழாசிரியரா?" என்று நண்பரொருவர் நகைத்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் இயந்திரம் கொண்டு சாய்க்கச் சொல்லவில்லை. முதிர்ந்த வாட்டில் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமே எழுகின்றன. அவற்றைத் தொடுதல் தவறு. மரத்தை வெட்டி மண்ணைத் திறந்துபோட்டால் விதைகள்தாம் முந்தும். முதலில் காக்க வேண்டியது எஞ்சிய புல்வெளியின் விளிம்பை. அங்கு முளைக்கும் இளங்கன்றுகளைக் கையால் பிடுங்கலாம், கோடரியே வேண்டாம்.

இவ்வாண்டு முகாமுக்கு அந்தப் பணியையே கேட்டு, வனத்துறையின் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கல்லூரியில் நிரப்பத் தந்த படிவத்தில் 'நடப்படும் மரக்கன்றுகளின் எண்ணிக்கை' என்றொரு கட்டம் இருந்தது. சுழியம் என்று எழுதினோம். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.