முறையீடும் சட்டமும்

நெய்வேலி நகரியத்தில் மதரஸா வகுப்பு முடிந்த ஒரு மாலையில், மாணவி ஒருவரின் தாயார் தயங்கியபடி கேட்டார்: “ஹஜ்ரத், என் தங்கையின் கணவர் மூன்று வருடமாகச் செலவுக்குப் பணம் தருவதில்லை, தலாக்கும் கொடுக்க மறுக்கிறார். அவள் காலமெல்லாம் இப்படியே இருக்க வேண்டியதுதானா?”

“இல்லை” என்றேன். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, கணவன் இரண்டு ஆண்டுகள் பராமரிக்கத் தவறினாலும், நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் போனாலும், மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம்.

இச்சட்டத்தின் வேர் உலமாக்களிடம் இருக்கிறது. அக்கால நீதிமன்றங்கள் பின்பற்றிய ஹனஃபி சட்டத்தில் கைவிடப்பட்ட பெண்ணுக்கு வழி மிக அரிது. மணபந்தத்திலிருந்து விடுபட வேண்டி மார்க்கத்தையே துறந்த பெண்களும் உண்டு. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று, 1931இல் ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’ என்னும் நூலை வெளியிட்டார்கள். 1936இல் காழி முஹம்மது அஹ்மது காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். பொதுக் கருத்துக் கேட்பையும் தேர்வுக்குழுவின் ஆய்வையும் கடந்து அது சட்டமாயிற்று. முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற விதி மட்டும் வழியில் நீக்கப்பட்டது.

முத்தலாக் விஷயத்தில் நாம் அவ்வாறு முந்திக்கொள்ளவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2017இல் தீர்ப்பும், 2019இல் கணவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டமும் வந்தன. அச்சட்டத்தை நாம் குறை கூறலாம். ஆனால் நமது மௌனத்திற்கும் அதில் பங்குண்டு. இலங்கையில் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை ஆராய 2009இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூஃப் குழு, 2018இல்தான் அறிக்கை அளித்தது. அதுவும் இரு வேறு பரிந்துரைகளாகப் பிரிந்து நின்றது.

கணவர்மீது முறையிட்ட கவ்லா (ரலி) அவர்களின் குரலுக்கு அல்லாஹ் செவிசாய்த்தான். ளிஹார் என்னும் அறியாமைக்கால வழக்கம் கண்டிக்கப்பட்டு, அதற்குப் பரிகாரமும் விதிக்கப்பட்டது. அல்முஜாதலா அத்தியாயத்தை ஓதும் நாம், நமது மஹல்லாவில் முறையிடும் பெண்ணிடம் “பொறுமையாக இரு” என்று மட்டும் சொல்லி அனுப்பலாமா? ஜமாஅத் நிர்வாகிகளும் ஆலிம்களும் அவளது முறையீட்டை முதலில் கேட்கட்டும். மார்க்கத்திற்குள் தீர்வு தேடுவதும், சட்ட ஆணையம் கருத்துக் கேட்கும்போது ஆதாரத்துடன் எழுதுவதும் அதன் பின்னரே இயலும்.

அதற்கான தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்கு நல்குவானாக. ஆமீன்.