ஊசியும் கொழுந்துக் கூடையும்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவரை அண்மையில் சந்தித்தேன். இடுப்பில் தொடங்கும் வலி "கரண்ட் அடிச்ச மாதிரி" கால் பெருவிரல்வரை இறங்குகிறதாம். டிஸ்க் விலகியிருப்பதாக வைத்தியசாலையில் கூறியிருக்கிறார்கள். ஊருக்கு வந்துபோகும் ஒருவரோ, பத்துத் தடவை ஊசி குத்தினால் அதை உள்ளே தள்ளிவிடலாம் என்கிறாராம்.

"போகலாங்களா ஐயா?" என்று கேட்டார்.

பத்திரிகை அலுவலகக் கதிரையில் முப்பது வருடங்கள் குந்தியிருந்து இதே நோயை வாங்கியவன் நான். ஆகவே அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலவில்லை.

அக்குபங்சர் நமக்குப் புதிதன்று. 2005இல் மறைந்த வைத்தியர் அன்ரன் ஜயசூரிய, களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் அதனைப் பல்லாண்டுகள் நடத்தியவர். வெளிநாட்டவரும் அங்கு வந்து பயின்றனர். முள்ளந்தண்டின் இருமருங்கிலும், பிட்டத்திலும், முழங்காலின் பின்மடிப்பிலும் மெல்லிய ஊசிகளை ஏற்றி, இருபது முப்பது நிமிடங்கள் விட்டுவைப்பார்கள். சிலர் மெல்லிய மின்னோட்டமும் கொடுப்பர். ஆனால் ஊசி டிஸ்க்கைத் தொடுவதேயில்லை; தள்ளுவது எங்ஙனம்? பிதுங்கிய பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடும். பெயர் மட்டும் ஊசிக்காரருக்கு!

வலி குறைவது வேறு விடயம். டிஸ்க் பிதுங்கியதால் நெடுநாள் கால்வலியுற்ற 220 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வொன்று 2024இல் வெளியானது. நான்கு வாரங்களில் பத்துத் தடவை உண்மையான ஊசி பெற்றவர்களுக்கு, போலி ஊசி பெற்றவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்தது. பிரித்தானிய வழிகாட்டிகளோ முதுகுவலிக்கு 2009இல் இதனைப் பரிந்துரைத்து, 2016இல் கைவிட்டன. எனவே முற்றாக மறுக்கவும் மாட்டேன், முற்றாக நம்பவும் மாட்டேன்.

என் ஆத்திரம் வேறிடத்தில். பத்துத் தடவை என்றால் பத்து நாட் பேர் போயிற்று. வலி சற்றுத் தணிந்ததும் அதே சரிவில், அதே கூடையோடு ஏறவேண்டும். எனக்கு ஓய்வெடுக்கச் சம்பளத்துடன் விடுமுறை கிடைத்தது. அவருக்கு அரைப்பேர்கூட விழாது. சிகிச்சை நாட்களுக்குத் தோட்ட நிருவாகங்கள் பேர் போடவேண்டும் என்று ஏன் எந்தத் தொழிற்சங்கமும் உரத்துக் கேட்கக்கூடாது?

அவரிடம், வலிக்காக வேண்டுமானால் போங்கள், ஆனால் புதிய ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள் என்றேன். சிறுநீர் பிரியாது போனாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க இயலாது தொங்கினாலோ ஊசிக்காரரிடம் போகவேண்டாம். நடுநிசியானாலும் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றும், அதை வீட்டாரிடமும் சொல்லிவைக்கும்படியும் கேட்டுக்கொண்டேன்.