எடைக்கு வரியா? விலைக்கு வரியா?
சீமை ஜீப்பு வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

கரிசல் மண்ணில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று குருவிகுளம் வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மண் மெழுகாகிவிடும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட பாதையிலும் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும் வண்டி ஒன்று உண்டு. அதுதான் ஜீப்பு. பருத்திக் காட்டுக்கும் மிளகாய்க் காட்டுக்கும் போகிறவர்களுக்கு அதன்மீது தனி ஆசை.

உள்நாட்டு ஜீப்பு போதாது, சீமை ஜீப்பே வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த வண்டிக்கு எவ்வளவு வரி, எதை வைத்து வரி என்பதை அறிந்துகொண்டு ஆசைப்படுவது நல்லது. எடையை வைத்தா, விலையை வைத்தா? உலகத்தில் பல நாடுகள் இதற்குப் பல விதமாகப் பதில் சொல்கின்றன.

தராசில் நின்ற மோட்டார்

தமிழ்நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கு வரி விதிக்கும் சட்டம் 1974-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் ஆண்டுதோறும் வரி கட்டிவந்த காலத்தில், எடைதான் கணக்கு. ஆள் ஏறாமல், சுமை ஏற்றாமல், வண்டி மட்டும் என்ன எடை? அதற்குக் காலி எடை என்று பெயர். 700 கிலோவுக்குள் ஒரு வரி. 1,500 கிலோ வரை ஒரு வரி. அதன் பிறகு 2,000, 3,000 என்று படிப்படியாக ஏறும். மாருதி 800 கார் முதல் படியில் நின்றது. அம்பாசடர் கார் இரண்டாம் படிக்குப் போயிற்று.

இதில் இன்னொரு வேற்றுமையும் இருந்தது. ஒரே எடையானாலும் இறக்குமதி வண்டிக்கு வரி அதிகம். 2,000 கிலோவுக்கு மேல் 3,000 கிலோ வரை எடையுள்ள உள்நாட்டு வண்டியைத் தனி மனிதர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ரூ.1,100. அதே எடையில் அயல்நாட்டு வண்டி என்றால் ரூ.2,900! தராசு ஒன்றுதான், படிக்கல் மட்டும் வேறு.

பிறகு காலம் மாறியது. புது வண்டிக்கு ஆயுட்கால வரியை ஒரே தடவையில் கட்டும் முறை வந்தது. தராசு போய் விலைச் சீட்டு வந்தது. 2023 நவம்பரில் ஏற்பட்ட மாற்றத்தின்படி, 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம் வரி. 10 லட்சம் வரை 13 சதவீதம். 20 லட்சம் வரை 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 20 சதவீதம். இரண்டு டன் ஜீப்பானாலும் ஒரு டன் காரானாலும் விலை ஒன்றானால் வரியும் ஒன்றே.

லாரிகளுக்கு மட்டும் தராசு இன்னும் போகவில்லை. சரக்கு வண்டிகளுக்குச் சுமையோடு கூடிய எடையைப் பார்த்தே வரி விதிக்கிறார்கள்.

சாலை தேய்வது எப்படி?

எடைக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். சாலை தேய்வது எடையால்தான்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. அதற்கென்றே சாலைகள் போட்டு, அவற்றின்மீது லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அதில் தெரிந்த உண்மை வியப்பானது. ஓர் அச்சின் மீது விழும் பாரம் இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகிறது!

இதை வைத்துப் பார்த்தால், ஜீப்பைவிட லாரியே சாலைக்குப் பெரும் பகை என்பது விளங்கும். ஆனாலும் ஜீப்புகளும் பருத்துக்கொண்டே வருகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் எடை சுமார் 1,100 கிலோதான். இன்றைய டொயோட்டா லேண்ட் குரூசர் ஏறக்குறைய இரண்டரை டன். தாத்தாவைப் போல் பேரன் இரண்டு பங்குக்கு மேல்!

மற்ற நாடுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஜப்பானில் 1971 முதலே கார்களுக்கு எடை வரி உண்டு. அரை டன்னுக்கு ஒரு படி. பிரான்ஸ் நாடு 2022-இல் எடை வரியைத் தொடங்கியது. 1,800 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ. 2,400 கிலோ வண்டி என்றால் 600 கிலோ மிகுதி. பதிவு செய்யும்போதே 6,000 யூரோ கூடுதல். 2024-இல் அந்த எல்லையை 1,600 கிலோவாகக் குறைத்தார்கள். குடும்பஸ்தர்களை அந்தச் சட்டம் மறக்கவில்லை. மூன்று பிள்ளைகளாவது உள்ள வீட்டுக்கு, பிள்ளை ஒன்றுக்கு 200 கிலோ கழிவு தருகிறார்கள். நார்வே நாட்டிலோ 2023 முதல் மின்சாரக் கார்களையும் எடை பார்த்து வரி வாங்குகிறார்கள். மின்கலம் கனமானது அல்லவா!

வண்டியின் உயரமும் வரியும்

நம் நாட்டில் எடை வேறொரு வழியாக ஒருமுறை உள்ளே நுழைந்தது. ஜி.எஸ்.டி. வரியில் பெரிய ஜீப்பு வகை வண்டிகளுக்குக் கூடுதல் வரி இருந்தது. நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 170 மில்லி மீட்டராவது இருக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆட்கள் ஏறி உட்கார்ந்தால் வண்டி தாழும், இடைவெளி குறையும். அப்போது வரியும் குறையுமா? இப்படி ஒரு கேள்வி வந்தது. காலியாக நிற்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கூடுதல் வரி எடுக்கப்பட்டு, பெரிய வண்டிகளுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது.

இனி முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கப்பலில் வந்து இறங்கும்போது 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஒரு புதிய ஜீப்பு என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரிகள் சேர்ந்து 110 சதவீதம் என்றால் மதிப்பு 84 லட்சம். அதன்மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி.; ஆக 1 கோடியே 17 லட்சத்து 60 ஆயிரம். அதன்மேல் தமிழ்நாட்டு ஆயுட்கால வரி 20 சதவீதம், அதாவது 23 லட்சத்து 52 ஆயிரம். வரிக்கும் வரி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

2025 ஜூலை 24-இல் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட கார்களுக்குச் சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவர அதில் வழி உண்டு. அந்த 10 சதவீதத்தை வைத்து மேற்படி கணக்கைத் திரும்பப் போட்டால் ஆயுட்கால வரி 12 லட்சத்து 32 ஆயிரமாக இறங்கும். சுங்கத்தைக் குறைப்பது டில்லி. வருமானத்தில் பாதியை இழப்பது சென்னை. எடைக்கு வரி என்றிருந்தால் இந்த இறக்கம் நேராது. விலையைப் பார்க்கும் வரியில் இப்படி ஒரு பலவீனம் இருக்கிறது.

பூட்டான் வழியாக வந்தவை

இவ்வளவு வரி இருக்கும்போது குறுக்கு வழி தேடுவோரும் இருப்பார்கள். 2025 செப்டம்பர் 23-இல் கேரளத்தில் சுங்க அதிகாரிகள் பெரிய சோதனை நடத்தினார்கள். சினிமா நடிகர்களின் வீடுகளும் தப்பவில்லை. பூட்டானில் ஓடிய பழைய லேண்ட் குரூசர் போன்ற வண்டிகள் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டன, பொய்ப் பத்திரங்களைக் காட்டி இமாசலப் பிரதேசம் முதலிய இடங்களில் பதிவு செய்யப்பட்டன என்பது அதிகாரிகளின் குற்றச்சாட்டு. பல வண்டிகள் பறிமுதலாயின. பணம் கொடுத்து வாங்கியவர்களில் பலர், தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

இதுதான் சங்கரன்கோவில் பக்கத்து விவசாயியும் கவனிக்க வேண்டிய இடம். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் டி.என். 79 என்ற எண் இருக்கும். வெளிமாநில எண்ணுடன் ஒரு சீமை ஜீப்பு மலிவாக வருகிறது என்று தரகர் சொன்னால் நின்று யோசிக்க வேண்டும். அயல்நாட்டில் ஓடிய பழைய காரை இறக்குமதி செய்யச் சட்டம் கடுமையானது. அது செய்யப்பட்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே பத்துப் பதினைந்து வயதான வண்டியை "இப்போதுதான் இறக்குமதியாகி வந்தது" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வேறு மாநில வண்டியை இங்கே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இந்த மாநில எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. இங்கே வரியும் கட்ட வேண்டும். பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் எண், எஞ்சின் எண், செய்யப்பட்ட ஆண்டு, காலி எடை எல்லாம் இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டியில் பொறித்துள்ள எண்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, சுங்க வரி கட்டிய ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும்.