கணக்கு கெட்டால் நிலம் போகாது

நாலு டிஸ்க் போட்ட பெட்டி ஒண்ணு வாங்கி வச்சுட்டா எல்லாம் பத்திரம்னு நினைக்கிறவங்க ஊரிலும் இருக்காங்க, நகரத்தில் இன்னும் அதிகம். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நிலத்துக்கு வருமுன் சென்னையில் சர்வர் பார்த்தவன் நான். தெள்ளார் பக்கம் கம்ப்யூட்டர் படுத்தால் இன்னமும் எனக்குத்தான் போன் வரும்.

போன மாசம் ஆரணியில் பட்டுச்சேலை டிசைன் போடும் மச்சான் கூப்பிட்டார். கரண்ட் போய் வந்ததும் ரெய்டு 5 பெட்டி திறக்கலை. பல வருஷத்து பார்டர், முந்தானை டிசைன் எல்லாம் அதிலதான். பார்க்க வந்த சர்வீஸ்காரர், "நாலு டிஸ்கையும் சேர்த்துப் புதுசா உருவாக்கி ரிப்பேர் ஓட்டிடலாம்"னு சொல்லியிருக்கார். "எதையும் தொடாதீங்க, பெட்டியை அணைங்க"ன்னேன்.

டிஸ்க் நிலம்னா, ஃபைல் சிஸ்டம் விஏஓ கையில இருக்கிற அ-பதிவேடு மாதிரி. எந்த ஃபைல் எந்தத் துண்டில் இருக்குன்னு எழுதின கணக்கு. பதிவேட்டைக் கறையான் அரிச்சா நிலம் எங்கேயும் ஓடிடாது. ஆனா அரிச்ச பதிவேட்டை நம்பி ஒருத்தர் வரப்பை வெட்ட ஆரம்பிச்சா? எஃப்எஸ்சிகே-யைக் கேள்வி கேட்காமல் ஓட்டினால் நடப்பது அதுதான். அதன் வேலை கணக்கை நேராக்குவது. உங்க ஃபைலைக் காப்பாத்துவது இல்லை.

எம்டிஅட்ம் கருவியில் ஒவ்வொரு டிஸ்கின் நிகழ்வு எண்ணைப் பார்த்தோம். மூணும் ஒரே எண். நாலாவது ரொம்பப் பின்தங்கியிருந்தது. எப்பவோ பிரிஞ்சு போன பங்காளி! ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனாலும் பெட்டி ஓடுமே, அதனால யாரும் கவனிக்கலை. அந்தப் பழங்கணக்கையும் சமமா உட்கார வச்சு ரிப்பேர் ஓட்டியிருந்தா, நல்ல கணக்கும் நாசமாகியிருக்கும்.

மூணு டிஸ்கையும் டிடிரெஸ்க்யூ போட்டு அப்படியே நகல் எடுத்தோம். ஒண்ணு சில இடங்களில் படிக்க மறுத்தது. ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம் நகலில் மட்டும்தான் கை வச்சோம். எஃப்எஸ்சிகே-யை எதையும் மாத்தாமல் குறையை மட்டும் சொல்லச் சொன்னால், முதல் சூப்பர்பிளாக்கே கெட்டிருக்கு. நல்லவேளை, இஎக்ஸ்டி4 அதுக்குப் பிரதிகள் வைக்கும். 4 கேபி பிளாக் என்றால் முதல் பிரதி 32768-ல். அதைக் காட்டினதும் டைரக்டரிகள் வரிசையா வந்தது. கருவிகள் எல்லாம் இலவசம். வெற்று டிஸ்க் வாங்கத்தான் ஜனங்க யோசிக்கிறாங்க.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் அழிஞ்சது. டிஸ்க் பழுதால் இல்லை. பேக்கப் ஸ்கிரிப்டில் செய்த மாற்றத்தால். அழின்னு உத்தரவு வந்தா எத்தனை டிஸ்க் இருந்தாலும் சேர்ந்தே அழிக்கும். அடுக்கு வேற, நகல் வேற. நகல் வேற பெட்டியில், முடிஞ்சா வேற ஊரில் இருக்கணும்.

மச்சானுக்குப் பதினோரு டிசைன் மட்டும் திரும்பலை. அதில் மூணுக்குப் பழைய ஜக்கார்டு அட்டை பரணில் கிடைச்சிருக்கு. ஒவ்வொரு ஓட்டையா பார்த்து கம்ப்யூட்டரில் ஏத்திக்கிட்டிருக்காங்க.