ரசீது கேட்பது தவறா?



வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். நல்ல பண்புதான். ஆனால் அதைச் சொல்லியே கொடுப்பவர் ரசீது கேட்கக் கூசுகிறார். பெறுபவர் எழுதித் தரத் தயங்குகிறார். இதனால் இழப்பு நம் பள்ளிகளுக்கே.

சில ஆண்டுகளுக்கு முன், கூலிம் ஹைடெக் பூங்காவில் பொறியியலாளராகப் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர், நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் நூலகத்திற்கு 1,000 வெள்ளி வழங்கினார். “வருமான வரிக் கணக்கில் காட்ட ரசீது கிடைக்குமா, சார்?” என்று பணிவோடு கேட்டார். “தர்மத்திற்குமா கணக்கு?” என்று அங்கிருந்த ஒருவர் சிரித்தார். ரசீது கொடுக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அவரும் வரவில்லை.

அவர் கேட்டதில் என்ன தவறு? 1996-இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் தொழிற்சாலைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். பால்மரம் வெட்டிய அவர்களின் தாத்தா பாட்டியருக்கு நன்கொடை நோட்டில் பெயர் இருந்தால் போதும். பேரப்பிள்ளைகளோ வருமான வரி செலுத்தும் தலைமுறையினர்.

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு கொடையாளருக்குக் கழிவு வழங்குகிறது. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத் தனிநபர் அளிக்கும் பண நன்கொடையை, அவரது மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். நம்மில் பலர் அறியாத இன்னொன்றும் அதில் உண்டு. பொது நூலகங்களுக்கும் பள்ளி நூலகங்களுக்கும் தரும் பணத்திற்கு 20,000 வெள்ளி வரை தனியாகக் கழிவு உண்டு. அந்த மாணவர் கொடுத்ததும் நூலகத்திற்குத்தான்!

இங்கே ஒரு தெளிவு தேவை. 1,000 வெள்ளி கொடுத்தால் வரியில் 1,000 வெள்ளி குறையும் என்று சிலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. முஸ்லிம்கள் செலுத்தும் ஸக்காத், கட்டவேண்டிய வரியிலிருந்தே கழிக்கப்படுகிறது. நன்கொடையோ வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. ஆகவே, வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உடையவருக்கு 11 விழுக்காட்டின்படி 110 வெள்ளி மிச்சமாகும். 40,000 வெள்ளி உடையவருக்கு 6 விழுக்காட்டின்படி 60 வெள்ளி.

வரியை மிச்சப்படுத்தக் கொடுப்பது தர்மமாகுமா என்று கேட்பவர்கள் இக்கணக்கைப் பார்க்க வேண்டும். 110 வெள்ளி திரும்பினாலும் 890 வெள்ளி அவர் கையிலிருந்துதான் போகிறது. மிச்சமாகும் தொகையையும் பள்ளிக்கே கொடுத்தால் பிள்ளைகளுக்கு இன்னும் சில நூல்கள் கிடைக்கும்.

எனவே பள்ளிப் பொறுப்பாளர்கள் தொகை, நாள், நோக்கம் ஆகியவற்றைக் குறித்து அதிகாரப்பூர்வ ரசீது வழங்க வேண்டும். பிற அமைப்புகளுக்குக் கொடுக்குமுன், அவை அங்கீகாரம் பெற்றவையா என்பதை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டுக் கணக்கில் சேர டிசம்பர் 31-க்குள் கொடுத்துவிடுங்கள். ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

முறையாக ஒரு ரசீது எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மாணவர் மறு ஆண்டும் வந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். இனி வருபவரையாவது நாம் இழக்காதிருப்போம்.