எண்டோஸ்கோப்பிக்குப் பயந்து கேஸ் மாத்திரையா?

மயிலாப்பூரோ தி.நகரோ, ஆபீஸ் பையில் ஒரு கேஸ் மாத்திரை அட்டை இருக்கும். அது எரிச்சலை அடக்கும், காரணத்தைச் சொல்லாது. அல்சருக்கு ஹெச்.பைலோரி கிருமியும் காரணம் என்று கண்டறிந்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசே கிடைத்தது.

விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. எண்டோஸ்கோப்பி பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம்தான். குமட்டும், ஆனால் மூச்சு தாராளமாக விடலாம்.

முன்னதாக 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. ஃபில்டர் காபியும் கூடாது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் முன்பே சொல்லணும். கிருமி சோதனை என்றால் கேஸ் மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். மயக்க ஊசி போட்டால் 24 மணி நேரம் பைக் ஓட்டாதீங்க.

சில நிமிடக் குமட்டலுக்குப் பயந்து மாதக்கணக்கில் மாத்திரையிலேயே ஓட்டுவதுதான் உண்மையான ரிஸ்க்.