வீங்கிய பாட்டரிக்கு வீட்டில் இடம் வேண்டாம்!

பழவேற்காட்டிலிருந்து மீனும் இறாலும் நண்டும் ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோக்களும் வேன்களும் பொன்னேரிக்கும் சென்னைக்கும் ஓடுகின்றன. திரும்பி வந்தால் நிற்க நிழல் ஏது? கொதிக்கும் மணல்தான். கத்தரி வெயிலில் ஒரு நாள் வண்டி கிளம்ப மறுக்கிறது. "நேற்றுவரை ஓடியதே!" என்கிறார் டிரைவர். பாட்டரி நேற்றுச் சாகவில்லை, ஐயா! சித்திரை முழுவதும் செத்துக்கொண்டிருந்தது.

அதன் உள்ளே இருப்பவை ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும். வெயிலில் தண்ணீர் மட்டும் குறைகிறது. தகடு வெளியே தெரிந்தால் அது கெட்டுப்போகும். ஆகவே மூடி திறக்கும் பாட்டரியானால் கோடைக்கு முன்பே பார்த்து, கடையில் விற்கும் பாட்டரித் தண்ணீரை ஊற்றுங்கள். ஏரித் தண்ணீரும், உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரும் உதவா. உப்பு உள்ளே போனால், சார்ஜ் ஏறும்போது குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும்.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியின் பக்கங்கள் வயிறுபோல் உப்பியிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும். மெக்கானிக்கின் மீட்டரில், சார்ஜ் ஏறி ஓய்ந்த நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 10.5 அளவிலேயே நின்றால், ஆறு அறைகளில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம்.

உப்பிய பாட்டரிக்கு மறுபடி சார்ஜ் போடாதீர்கள். இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்தும் கிளப்பாதீர்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும். பீடியை வாயில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பவரை என்னென்பது! பாட்டரி சூடாகவோ சீறிக்கொண்டோ இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். ஆறிய பிறகு, கையுறையும் கண்ணாடியும் போட்டு, மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, சாய்க்காமல் தூக்க வேண்டும். திராவகம் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வலைக்கு ஈயக்குண்டு வேண்டும். பழைய பாட்டரியிலோ ஈயம் இருக்கிறது. உடைத்து அடுப்பில் உருக்கினால் காசு மிச்சம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம்! ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக் கடலோர ஊரான தியாரோயேயில், பழைய பாட்டரி ஈயம் கலந்த மண்ணை அள்ளிச் சலித்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் மாண்டன. ஈயத் தூசி கண்ணுக்குத் தெரியாது. தரையில் தவழும் பிள்ளையின் கை வழியே வாய்க்குள் போய்விடும்.

பழைய பாட்டரியை விற்றவரே திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே நம் நாட்டில் விதி வந்தது. 2022-ல் வந்த புதிய விதி, தயாரிப்பாளர்மீதே அந்தப் பொறுப்பைச் சுமத்துகிறது. பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வதும் கடைகளில் வழக்கம்தான். கேட்டு வாங்குங்கள்!